கரணமும் கடவுச்சீட்டும்

தமிழ் நூல்களுள் காலத்தால் மூத்ததாகக் கருதப்பெறும் தொல்காப்பியம் திருமணத்தோடு தொடர்புடைய இரு செய்திகளை நமக்குத் தருகின்றது. பலர் அறிய நிகழும் மணச்சடங்காகிய கரணம் எவ்வாறு தோன்றியது என்பது ஒன்று. மாந்தரிடையே பொய்ம்மையும் சொல் தவறுதலும் தலைகாட்டியதன் பின்னரே பெரியோர் அச்சடங்கினை வகுத்தனர் என்று கற்பியல் கூறும். கடல் கடந்து பொருள் தேடச் செல்லும் ஆடவன் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பது மற்றொன்று. இது அகத்திணையியலில் காணப்படுவது.

இவ்விரண்டனுள் பின்னது இன்று வழக்கொழிந்தது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நம் பெண்மக்கள் கணவரைத் தொடர்ந்து செல்கின்றனர். முன்னதோ, முன்னிலும் பன்மடங்கு வலுப்பெற்றுள்ளது. ஊரார் கண்ட கரணம் இன்று போதுவதில்லை. கண்டமைக்குச் சான்று தாளில் வேண்டும். அத்தாளுக்கு அரசின் முத்திரை வேண்டும். அம்முத்திரைக்கு மற்றோர் அரசின் ஏற்பு வேண்டும். திருமண உறவின் வழியாக வேற்று நாட்டில் நுழைவதற்கும் தங்குவதற்கும் உரிய நெறிமுறைகளை, அவற்றின் வரலாற்றோடு சேர்த்து எளிதாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கியத் துறைக்கு இஃது அயலானதன்று. பெயர், எழுத்து, உறவுச்சொல், மொழிபெயர்ப்பு ஆகிய நான்கும் இவ்விவகாரத்தின் உயிர்நாடி என்பதைப் பின்னர்க் காண்போம்.

சேர்வராயன் மலைமேல், ஏர்க்காடு வட்டத்தைச் சார்ந்த நாகலூரை எடுத்துக்கொள்வோம். காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த மலையூர் அது. அங்கு வாழும் முஸ்லிம் குடும்பம் ஒன்று தன் மகளை அயல்நாட்டில் பணிபுரியும் மாப்பிள்ளைக்கு மணமுடித்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நிகாஹ் ஒரு முற்பகலில் இனிதே நிறைவுறும். மாப்பிள்ளை விடுப்பு முடிந்து புறப்பட்டு விடுவார். பெண் அவரைச் சென்றடைவதற்கோ பல மாதங்கள் ஆகலாம். இடையில் அவளுடைய தந்தை எத்தனை முறை மலையிறங்கிச் சேலத்திற்கும், அங்கிருந்து சென்னைக்கும் போய் வருவார் என்பது, மணநாளன்று சில தாள்களில் எழுதப்பட்ட எழுத்துகளைப் பொறுத்தது. அவ்வெழுத்துகள் எத்துணை முதன்மையானவை என்பதை உணர்த்துதற்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சியை முதலில் நோக்குவோம்.

1913: கேப் மாகாணத் தீர்ப்பு

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் தமிழ் மாவட்டங்களிலிருந்து உழைப்பாளிகளும், குஜராத்திலிருந்து பெரும்பாலும் முஸ்லிம்களாகிய வணிகர்களும் அந்நாட்டில் குடியேறினர். குடியேறியோர் தாயகம் வந்து மணமுடித்து, மனைவியரைத் தம்மிடம் அழைத்துக் கொள்ளுதல் இயல்பாக நடைபெற்று வந்தது.

போர்ட் எலிசபெத் நகரில் வாழ்ந்த ஹாசன் ஈசோப் என்பவர் இந்தியா வந்து, பாய் மரியம் என்னும் பெண்மணியை இஸ்லாமிய முறைப்படி மணந்தார். கணவரிடம் சென்ற அப்பெண்மணிக்கு அந்நாட்டுக் குடியேற்ற அலுவலர்கள் நுழைவு மறுத்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உச்சநீதிமன்ற நீதிபதி சர்ல் தீர்ப்பளித்தார். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கும் ஒரு சமயச் சட்டத்தின்கீழ் நடந்த திருமணம், அந்நாட்டுச் சட்டத்தின் நோக்கில் திருமணமாகாது என்பது தீர்ப்பின் சாரம். ஹாசன் ஈசோபுக்கு வேறு மனைவி உண்டா இல்லையா என்பது அங்கே வினாவாகவே இல்லை. அவர் மணந்த முறையே தடையாயிற்று. இங்கிலாந்தில் 1866இல் ஹைட் வழக்கில் வகுக்கப்பட்ட, ஒருவனும் ஒருத்தியும் பிறரை விலக்கி வாழ்நாள் முழுதும் இணைவதே திருமணம் என்னும் கருத்தின் தொடர்ச்சியே இது.

இத்தீர்ப்பின் விளைவு ஒரு குடும்பத்தோடு நில்லவில்லை. இந்து, முஸ்லிம், பார்சி ஆகிய சமய முறைப்படி நடந்த திருமணங்கள் அனைத்தும் ஒரே நாளில் ஐயத்திற்கு இடமாயின. அதுநாள் வரை மதிப்புடன் இல்லறம் நடத்திய மனைவியர், சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயினர். அவர்தம் மக்கள் தந்தையின் சொத்துக்கு உரிமை கோர இயலுமா என்னும் அச்சம் எழுந்தது.

காந்தியடிகள் நடத்திவந்த அறப்போரில் பெண்கள் நேரடியாகக் களமிறங்கியது இதன் பின்னரேயாகும். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபாய் உள்ளிட்ட பதினாறு பேர் கொண்ட குழு, நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து சிறை சென்றது. டிரான்ஸ்வாலிலிருந்த, பெரும்பாலும் தமிழராகிய பெண்கள் பதினொருவர், சிலர் கைக்குழந்தைகளோடு, நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே பேசினர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்ட பெரும் போராட்டமாக அது வளர்ந்தது. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை தம் தாயாருடன் அப்போராட்டத்தில் சேர்ந்து சிறை புகுந்தார். சிறையில் உற்ற நோயுடன் வெளிவந்த அவர், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறாம் வயதில் உயிர் நீத்தார்.

ஈண்டு நாம் நின்று எண்ணத்தக்க ஒன்று உண்டு. நுழைவு மறுக்கப்பட்டவர் ஒரு முஸ்லிம் மணமகள். அத்தீர்ப்பை எதிர்த்துச் சிறை சென்ற தமிழ்ப் பெண்களுள் பலர் இந்துக்கள். ஒரு சமயத்தாரின் நிகாஹ் செல்லாது எனின் தம் தாலியும் செல்லாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

போராட்டத்தின் பயனாக 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுண்டு தலைவரி நீங்கியது. இந்தியச் சமய முறைப்படி மணந்த ஒரு மனைவியும் அவர் வயிற்றுப் பிள்ளைகளும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றனர். இந்தியச் சமயகுருமார்களையே திருமண அலுவலர்களாக நியமிக்கவும், முன்னர் நடந்த மணங்களைக் கணவன் மனைவி இருவரும் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளவும் வழி பிறந்தது. பெருவிரல் ரேகை பதித்த குடியிருப்புச் சான்றும் உரிமைக்கு ஆதாரமாக ஏற்கப்பட்டது. சுருங்கக் கூறின், நம் கரணத்தை அயலரசின் ஏட்டில் ஏற்றுவதற்கே அப்பெண்கள் சிறை சென்றனர்.

ஐயத்தின் பல வடிவங்கள்

மணமுறையின் மீதிருந்த ஐயம் காலப்போக்கில் மணமக்களின் நோக்கத்தின் மீது திரும்பியது. திருமணம் என்பது நாட்டினுள் நுழைவதற்கு ஒரு சூழ்ச்சியோ என்னும் வினா அது. 1979 ஜனவரியில், மணமகனை மணப்பதற்காக இலண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் சென்றிறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர், கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். செய்தி வெளியானதும் இரு நாட்டிலும் கண்டனம் எழுந்தது. பிரிட்டிஷ் அரசு அவ்வழக்கத்தைக் கைவிட்டது. எனினும், திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்பதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விதி அங்கு 1997 வரை நீடித்தது. பெற்றோர் பார்த்து முடிக்கும் மணங்களுக்கு இவ்விதி பெருந்தடையாக இருந்தது. மணத்திற்கு முன் பழகாதவர் எவ்வாறு தம் அன்பை மெய்ப்பிப்பர்?

அவ்விதி நீங்கினும் வினா நீங்கவில்லை. இன்று ஏறத்தாழ எல்லா நாடுகளும் நான்கு வினாக்களை எழுப்புகின்றன. இத்திருமணம் சட்டப்படி செல்லுமா? இது மெய்யான இல்லறமா? வருபவரைக் காக்கும் வருவாய் உண்டா? எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பின் நிலையான உரிமை வழங்கலாம்? விண்ணப்பத்தில் கேட்கப்படும் தாள் ஒவ்வொன்றும் இந்நான்கனுள் ஒன்றுக்கு விடையாக அமைவதே. இதனை அறிந்தவர்க்கு எந்தத் தாள் எதற்கு என்பது விளங்கும். அறியாதவர்க்கு அது காகிதக் காடாகவே தோன்றும்.

நம் நாட்டின் நெறி

இஸ்லாமிய நெறியில் நிகாஹ் என்பது ஓர் ஒப்பந்தம். மணமக்களின் சம்மதம், பெண்ணின் பொறுப்பாளராகிய வலீ, சாட்சிகள், மஹர் ஆகியன அதன் கூறுகள். இவை ஜமாஅத்தின் திருமணத் தஃப்தரில் பதியப்பெறுகின்றன. கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைக்குமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல் பகரா, 282) என்பதை நாம் அறிவோம். எழுத்தைப் போற்றுதல் நம் மரபுக்குப் புதிதன்று.

ஆயினும் ஜமாஅத்தின் தஃப்தர் மட்டும் அயல்நாட்டு அலுவலகங்களில் போதிய சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. அரசுப் பதிவு வேண்டப்படுகின்றது. எல்லாச் சமயத்தார் திருமணங்களும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2006இல் சீமா வழக்கில் உச்சநீதிமன்றம் பணித்தது. அதற்கிணங்கத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு நடைமுறைக்கு வந்தது. மணம் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் விண்ணப்பித்தல் வேண்டும் என்பது அதன் விதி. பதிவு செய்யாமை ஒன்றினாலேயே திருமணம் செல்லாததாகி விடாது. ஆனால் பதிவில்லாத திருமணத்தை அயல்நாட்டில் மெய்ப்பிப்பது கல்லில் நார் உரிப்பதாகும். நிகாஹ் நடந்த வாரத்திலேயே பதிவையும் முடித்துவிடுதல் அறிவுடைமை.

அடுத்தது சான்றொப்பம். ஓர் அரசின் ஆவணத்தை மற்றோர் அரசு நம்புதற்குரிய முறை இது. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு, மாநில அரசின் சான்றுக்குப் பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம் இடும் 'அப்போஸ்டில்' முத்திரையே போதுமானது. பிரிட்டனும் அமெரிக்காவும் முன்னரே அதில் இருந்தன. சிங்கப்பூருக்கு 2021இலும் சவூதி அரேபியாவுக்கு 2022இலும் அது நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் போல் அதில் சேராத நாடுகளுக்கு, அமைச்சகத்தின் சான்றோடு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றும் பெறுதல் வேண்டும். நாகலூரிலிருந்து புறப்படும் தந்தை, மகள் செல்லும் நாடு எவ்வகையினது என்பதை முதலில் கேட்டறிந்தால், வீண் பயணங்கள் குறையும்.

பெயரும் எழுத்தும்

விண்ணப்பங்கள் தடைப்படுவதற்குப் பெயர் வேறுபாடே பெருங்காரணமாக அமைவதுண்டு. இதன் வேரை மொழியியல் நோக்கில் காணலாம். தமிழில் 'ப' என்னும் ஓரெழுத்து இடத்திற்கேற்ப இருவேறு ஒலிகளைக் குறிக்கும். அரபுப் பெயர்களை எழுதும்போது மூன்றாவது ஓர் ஒலிக்கும் அதுவே நிற்கின்றது. பாத்திமா, ஃபாத்திமா, ஃபாத்திமத் என்று ஒரே பெண் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் தஃப்தரிலும் மூன்று வகையாக எழுதப்படுகிறாள். அரபியில் வேறு வேறான இரண்டு ஹகர ஒலிகளுக்கும் தமிழில் ஒரே 'ஹ' தான். இவற்றை மீண்டும் உரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது முகம்மது என்னும் ஒரு பெயர் ஐந்தாறு உருவம் கொள்கின்றது. நமக்கு அவையனைத்தும் ஒரு பெயரே. கணினியின் முன் அமர்ந்திருக்கும் அயல்நாட்டு அலுவலருக்கோ அவை ஐந்தாறு மனிதர்கள்.

தலைப்பெழுத்தும் இத்தகையதே. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் மரபு. குடும்பப் பெயர் என்பது நமக்கு இல்லை. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தெழுதியதும், தந்தையின் பெயர் மகளின் குடும்பப் பெயராக மாறி, வெளிநாட்டு அலுவலகங்களில் அவள் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுகிறாள். மணத்திற்குப் பின் சிலர் தலைப்பெழுத்தைக் கணவர் பெயருக்கு மாற்றுகின்றனர். ஓர் ஆவணத்தில் மாற்றிப் பிறவற்றில் மாற்றாது விடுவது பெருந்தொல்லைக்கு வித்திடும். மணமகளின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, தஃப்தரிலும் பதிவு விண்ணப்பத்திலும் எழுதுவதே இதற்குரிய மருந்து. பெயர் மாற்றம் கட்டாயமன்று. தந்தையின் தலைப்பெழுத்தோடு கடல் கடப்பதற்குச் சமயமோ சட்டமோ தடையன்று.

நாளும் அவ்வாறே. அழைப்பிதழில் ஹிஜ்ரி நாளும் ஆங்கில நாளும் இருக்கும். பிறை பார்த்தலால் ஹிஜ்ரி நாள் ஊருக்கு ஊர் ஒன்று வேறுபடும். சான்றிதழை மொழிபெயர்ப்பவர் ஹிஜ்ரி நாளைத் தாமே கணக்கிட்டு ஆங்கில நாளாக்கினால், ஒரே நிகாஹ் இரு நாட்களில் நடந்ததாக ஆகிவிடும்.

உறவுச்சொல்லும் நேர்காணலும்

மெய்யான இல்லறமா என்பதை அறிதற்குச் சில நாட்டு அலுவலர்கள் கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே வினவுவதுண்டு. 'உம் கணவருக்கு உடன்பிறந்தோர் எத்தனை பேர்?' என்னும் எளிய வினாவிலேயே நம்மவர் இடறுவர். தமிழில் பெரியத்தா மகனும் அண்ணன், சாச்சா மகனும் அண்ணன் அல்லது தம்பி. மூவர் என்று கணவன் கூற, வீட்டில் கேட்ட சொல்லை வைத்து மனைவி எழுவர் என்பாள். இருவரும் உண்மையையே உரைத்தனர். ஆயினும் தாளில் முரண் பதிவாகிவிட்டது. மாமி மகனை மணந்த பெண், மணத்திற்கு முன்பே கணவன் வீட்டில் பல நாள் தங்கியிருப்பாள். 'கணவரை முதலில் எப்போது சந்தித்தீர்?' என்று கேட்டால், பெண் பார்க்க வந்த நாளை ஒருவரும், குழந்தைப் பருவத்தை மற்றவரும் கூறுவர்.

ஆங்கில வழக்கில் உடன்பிறந்தார்க்கும் சிற்றப்பன் மக்களுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. நமக்கு அவ்வேறுபாடு சொல்லில் இல்லை. ஏனெனில் நம் குடும்ப அமைப்பு அவ்வேறுபாட்டை வேண்டவில்லை. இஃது இழுக்கன்று. ஆனால் நேர்காணலுக்குச் செல்பவர், 'ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தோர்' என்று விரித்துச் சொல்லப் பழகுதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கு இப்பொறுப்பு மேலும் மிகுதி. தமிழ் பயிலும் மாணவர் பலர், இப்படிப்பால் என்ன பயன் என்று வினவுகின்றனர். தஃப்தரையும் பிறப்புச் சான்றையும் பிழையின்றிப் பெயர்த்துத் தரவல்ல ஒருவர் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறார் என்பதே யாம் கூறும் விடை.

நாடுதோறும் நெறி

சில நாடுகளின் விதிகளைச் சுருக்கமாகக் காண்போம். விதிகள் மாறும் இயல்பின; எனவே விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் அறிவிப்பைப் பார்த்தே செயற்படுதல் வேண்டும்.

பிரிட்டனில், கணவனோ மனைவியோ வரவழைப்பதற்குரிய குறைந்த ஆண்டு வருவாய் 2012இல் 18,600 பவுண்டு என வகுக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. முதலில் வழங்கப்படும் விசா இரண்டே முக்கால் ஆண்டு, பின்னர் நீட்டிப்பு, ஐந்தாண்டு நிறைவில் நிலையான குடியிருப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கில அறிவும் வேண்டப்படும். நம்மவர் மறவாது அறிய வேண்டியது ஒன்றுண்டு. இந்தியாவில் முறைப்படி நடந்த நிகாஹ் அங்கு ஏற்கப்படும். ஆனால் அந்நாட்டிலேயே அரசுப் பதிவின்றி நடத்தப்பட்ட நிகாஹ் சட்டப்படியான திருமணமாகாது என்று 2020இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய பெண், பிரிவு நேர்ந்தால், மனைவிக்குரிய வழக்குரிமையை இழக்கிறாள்.

அமெரிக்காவில், மணமாகி ஈராண்டு நிறைவதற்குள் குடியேறுவோர்க்கு ஈராண்டு நிபந்தனையுரிமையே கிடைக்கும். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து விண்ணப்பிப்பதே நிபந்தனை நீங்குதற்குரிய பொதுவான வழி. வரவழைப்பவர் வறுமைக்கோட்டு வருவாயின் 125 விழுக்காட்டிற்குக் குறையாத வருவாய் காட்டி, பராமரிப்பு உறுதிமொழி அளித்தல் வேண்டும். மணவிலக்கினால்கூட அவ்வுறுதிமொழி முடிவுக்கு வருவதில்லை. தொலைபேசியிலோ காணொளியிலோ ஒருவர் இங்கும் ஒருவர் அங்குமாக நிகழும் நிகாஹை, பின்னர் இருவரும் கூடி வாழ்ந்தாலன்றி, அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் திருமணமாகக் கொள்வதில்லை. அவசரத்திற்குத் தொலைபேசி நிகாஹ் செய்வோர் இதனைக் கருத்திற் கொள்க.

சிங்கப்பூரில், குடிமகனை மணக்கவிருக்கும் அயல்நாட்டவர், மணத்திற்கு முன்பே தமக்கு நீண்டகால வருகை அனுமதி கிடைக்கும் வாய்ப்பை மதிப்பிட்டுக் கொள்ளும் முறை 2015இல் ஏற்பட்டது. மணமுடித்த பின் வருந்துவதினும் இது நன்று.

வளைகுடா நாடுகளில் மனைவியின் குடியிருப்பு, கணவனின் வேலையோடும் ஊதியத்தோடும் பிணைந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை வரவழைக்க 4,000 திர்ஹம், அல்லது உறைவிடத்தோடு 3,000 திர்ஹம் மாத ஊதியம் வேண்டும். கணவனின் வேலை போனால் மனைவியின் அனுமதியும் ஆட்டங்காணும். கணவனை இழந்தோர்க்கும் மணவிலக்குப் பெற்றோர்க்கும் ஓராண்டு தங்கும் சலுகையை 2018இல் அவ்வரசு ஏற்படுத்தியது.

எந்நாடாயினும் பொய்த்தாள் ஒன்று போதும், அனைத்தையும் கெடுக்க. ஏமாற்று ஆவணம் தந்தோர்க்குப் பிரிட்டன் பத்தாண்டு வரை தடை விதிக்கும். போலித் திருமணம் என்று உறுதிப்பட்டவருக்கு உறவின் வழியான குடியேற்ற வாயிலை அமெரிக்கா நிலையாக அடைத்துவிடும். 'எல்லாம் யாம் பார்த்துக்கொள்கிறோம்' என்னும் தரகரின் சொல்லை நம்பி, நிரப்பாத விண்ணப்பத்தில் கையெழுத்திடுதல் தகாது.

பெண்ணின் கையில் இருக்க வேண்டியவை

இதுகாறும் கூறியவை சேர்ந்து வாழ்வதற்கான தாள்கள். சேர்ந்து வாழ இயலாத நிலை நேரின் என் செய்வது? பெற்றோர் கேட்கத் தயங்கும் வினா இதுவே.

விசாவை 'வரவழைப்பவர்' கணவர். கடவுச்சீட்டும் குடியிருப்பு அட்டையும் திருமணச் சான்றும் அவர் பெட்டியிலேயே இருக்கும். நல்ல கணவரிடத்தில் இதனால் தீங்கில்லை. தீய கணவனிடத்தில் இத்தாள்களே சங்கிலியாகும். 'உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்னும் ஒரு சொல்லே மொழி தெரியாத ஊரில் ஒரு பெண்ணை வாய் மூட வைக்கப் போதுமானது. அச்சொல் பல நாடுகளில் உண்மையன்று என்பதை அவள் அறிந்திருத்தல் வேண்டும். கொடுமைக்குள்ளான மனைவி கணவனின் துணையின்றித் தானே குடியிருப்புரிமை கோரும் வழி அமெரிக்காவில் 1994 முதல் உண்டு. பிரிட்டனிலும் குடும்ப வன்முறைக்கு உள்ளானோர்க்குத் தனி விதி உண்டு. இந்தியத் தூதரகங்களை அணுகலாம். வெளிநாடு வாழ் இந்தியரை மணந்து கைவிடப்பட்ட பெண்களின் முறையீடுகளைக் கேட்கத் தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவு இயங்குகின்றது. ஒரே மூச்சில் கூறும் முத்தலாக், எழுத்திலோ மின்னணு வழியிலோ வரினும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் செல்லாது. ஆகவே அயல்நாட்டிலிருந்து வரும் ஒரு குறுஞ்செய்தியைக் கண்டு தன் உரிமையனைத்தும் போயிற்று என்று ஒரு பெண் கலங்க வேண்டுவதில்லை.

விமானம் ஏறும் மகளிடம் நகைப்பெட்டியைக் கொடுக்கும்போதே மற்றொரு பையையும் கொடுத்தல் வேண்டும். கடவுச்சீட்டின் படி, பதிவுச் சான்றிதழின் மூலப்படி ஒன்று, நிகாஹ் சான்று, மஹர் குறித்த பதிவு, பிறப்புச் சான்று, கல்விச் சான்றுகள், கணவரின் பணியிட முகவரி, இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண் ஆகியன அதில் இருக்கட்டும். மற்றொரு தொகுதி தாய்வீட்டில் இருக்கட்டும். தன் விசா எந்நாளில் முடிகிறது, எந்நாளுக்குள் நீட்டிக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடமாக இருத்தல் வேண்டும். இது கணவர்மீது ஐயமன்று. இடையில் கணவர் நோயுற்றாலோ விபத்துற்றாலோ குடும்பத்தைத் தாங்கப் போவதும் இப்பையேயாகும்.

ஜமாஅத்தின் பணி

சமுதாயப் பெரியோர் முன் சில வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறோம். தஃப்தரில் பெயர் எழுதும் முன் மணமக்களின் கடவுச்சீட்டையோ பள்ளிச் சான்றையோ வாங்கிப் பார்த்து எழுதுதல், தமிழோடு ஆங்கிலத்திலும் சான்று வழங்குதல், மணமகளுக்கெனத் தனிப்படி தருதல், சார்பதிவாளரிடம் 90 நாட்களுக்குள் பதிவு செய்யுமாறு நிகாஹ் அவையிலேயே அறிவித்தல் ஆகிய நான்கும் செலவில்லாதவை. அயல்நாட்டு மாப்பிள்ளையாயின், அவருடைய விசா, பணி, முந்திய மணம் ஆகியவற்றைப் பெண் வீட்டார் கேட்டறிய ஜமாஅத் துணை நிற்றல் வேண்டும். ஜமாஅத் கேட்டால் விசாரணை முறையாகும். பெண்ணின் தந்தை தனியே கேட்டால் அது சம்பந்தத்தைக் கெடுப்பதாகக் கருதப்படுகின்றது. நாகலூர் போன்ற சிற்றூர்க் குடும்பங்களுக்கு இத்துணை இன்றியமையாதது.

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவில் ஒருவர் விண்ணப்பப் படிவத்தை ஏந்திக்கொண்டு வழி தெரியாது நின்றால், அருகமர்ந்து படித்துக் காட்டுங்கள்; பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கொடுங்கள். நீங்கள் கற்ற எழுத்துக்கு அதுவும் ஒரு பயன். பாய் மரியத்தைத் துறைமுகத்திலிருந்து திருப்பிய சட்டத்தை மாற்றுதற்கு ஒரு பதினாறு வயதுப் பெண் உயிரைக் கொடுத்தார். அவர் கொடுத்த விலையை எண்ணினால், ஒரு படிவத்தைப் பிழையின்றி நிரப்பும் உழைப்பு நமக்குப் பாரமாகத் தோன்றாது. கடல் கடந்து செல்லும் நம் பெண்மக்கள் அனைவரும் மதிப்போடும் பாதுகாப்போடும் இல்லறம் நடத்த எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!